ரெகே இசை: செவிக்கு உரியது, சட்டைக்கு உரியதன்று

ஜமைக்கா நாட்டின் ரெகே இசையை நம்மிடையே அறியாதார் இலர், கேட்டார் சிலரே. இக்கூற்று முரணாகத் தோன்றலாம். ஆயினும் உண்மை அதுவே. சடைமுடி தொங்கக் கண்மூடிப் பாடும் பாப் மார்லியின் உருவத்தைச் சட்டையிலும் பையிலும் அணிந்து செல்லும் இளைஞரை நாம் அடிக்கடி காண்கிறோம். அவருள் பலர்க்கு அவ்விசையில் இரண்டு மூன்று பாடல்களுக்கு மேல் தெரியாது. அவரைக் கண்டு முகஞ்சுளிக்கும் ஆசிரியர்க்கோ அந்த இரண்டு மூன்றும் தெரியா. கஞ்சாப் புகையும் சோம்பலும் கலந்த கூச்சலே ரெகே என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். படத்தைப் பார்த்து விரும்புவோரும் படத்தைப் பார்த்து வெறுப்போரும் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர். 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ரெகேயை மனித குலத்தின் பண்பாட்டு மரபுரிமைகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலுக்காக அன்று, இசைக்காகவே இசையைக் கேட்க விரும்பும் ஆசிரியரும் மாணவரும் எங்கே தொடங்கலாம், எதைத் திரட்டலாம் என்பதை ஈண்டு எழுதுகிறேன்.

ரெகே திடீரெனத் தோன்றியதன்று. ஜமைக்காவின் நாட்டுப்புற இசையான மென்டோவும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் தாள இசையும் கலந்து 1950களின் இறுதியில் ஸ்கா என்னும் விரைவு நடை பிறந்தது. 1962 ஆகஸ்டு 6ஆம் நாள் அந்நாடு விடுதலை பெற்றபோது தலைநகர் கிங்ஸ்டனின் தெருக்களில் ஒலித்தது அந்த ஸ்காவே. 1966 வாக்கில் நடை தளர்ந்து ராக்ஸ்டெடி ஆயிற்று. 1968இல் மீண்டும் மாறி ரெகே எனப் பெயர் பெற்றது.

இம்மாற்றங்கள் நிகழ்ந்த இடம் அரங்கமன்று. தெருவும் திறந்த வெளியுமே. ஆளுயரப் பெட்டிகளில் ஒலிபெருக்கிகளை அடுக்கி, இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, ஏழை மக்களை ஆடவைத்த ‘சவுண்ட் சிஸ்டம்’ என்னும் ஏற்பாடே ஜமைக்கா இசையின் தாய்வீடு. அத்தகைய ஏற்பாடுகளை நடத்தி வந்த கிளெமன்ட் டாட், டியூக் ரீட் போன்றோர், தம் கூட்டத்திற்கு வேண்டிய தட்டுகளைத் தாமே பதிவு செய்யத் தலைப்பட்டனர். டாட் 1963இல் பிரெண்ட்ஃபோர்டு சாலையில் தொடங்கிய ஸ்டூடியோ ஒன் என்னும் ஒலிப்பதிவுக் கூடம், அந்நாட்டு இசைக்கலைஞர் பலர்க்கும் பள்ளிக்கூடமாகவே விளங்கியது.

இப்பின்னணியை மனத்திற்கொண்டால் ரெகேயின் அமைப்பு எளிதில் விளங்கும். நான்கு அடிகள் கொண்ட தாளத்தில் முதலடி வலுப்பெறுவது மேலைநாட்டு மெல்லிசையில் பெருவழக்கு. ரெகேயின் ‘ஒன் டிராப்’ என்னும் முறையிலோ முதலடி வெறுமையாக விடப்படுகிறது. பெருமேளத்தின் அடி மூன்றாவதில் விழுகிறது. கித்தார் இரண்டிலும் நான்கிலும் மட்டும் வெட்டி வெட்டி ஒலிக்கிறது. சமத்தில் தொடங்காது தள்ளி எடுக்கும் கீர்த்தனைகளைக் கேட்டுப் பழகிய செவிக்கு இவ்வெறுமை புதிதாகத் தோன்றாது. இவற்றுக்கெல்லாம் அடியில், மண்ணுக்குள் வேர் ஓடுவது போல, பேஸ் கித்தார் ஓடுகிறது. பிற இசைகளில் பின்னணியாக ஒதுங்கி நிற்கும் அக்கருவி, ரெகேயில் பாட்டின் மற்றொரு மெட்டையே சுமந்து செல்கிறது. ஆதலின் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் ரெகே கேட்பது, உரையை மட்டும் படித்துவிட்டுச் செய்யுளைப் படித்தேன் என்று சொல்வதற்கு ஒப்பாகும். தட்டுகளை வாங்கும் முன், தாழ்ந்த ஒலிகளைத் தெளிவாகத் தரும் ஒலிபெருக்கியோ செவிப்பொறியோ ஒன்றை வாங்குதல் அறிவுடைமை.

இனி, எதிலிருந்து தொடங்குவது? மார்லி மறைந்தது 1981 மே 11இல். 1984இல் வெளிவந்த ‘லெஜண்ட்’ என்னும் அவருடைய பாடல் தொகுப்பே உலகெங்கும் பெரும்பாலோர் ரெகேக்குள் நுழையும் வாயில். அதிலுள்ள பதினான்கு பாடல்களும் நல்லனவே. ஆனால் நல்ல பாடல்களின் தொகுப்பெல்லாம் நல்ல தொகுப்பு ஆகிவிடாது. காதலும் ஆறுதலும் அதில் மிகுதி. சினமும் வரலாறும் குறைவு. எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி 1963 அக்டோபரில் ஐக்கிய நாட்டு அவையில் ஆற்றிய உரையையே பாடலாக்கி மார்லி 1976இல் வெளியிட்ட ‘வார்’ அதில் இடம்பெறவில்லை. அடிமை வாணிகத்தை நேர்நின்று பாடிய ‘ஸ்லேவ் டிரைவர்’ பாடலும் இல்லை. விருந்தில் உறுத்தாமல் ஒலிக்கக்கூடியவற்றிற்கே முதலிடம் தந்தது போன்ற தேர்வு அது. பாரதியின் காதற் பாடல்களை மட்டும் தொகுத்து ‘இதுவே பாரதி’ என்று மாணவர் கையில் கொடுத்தால் நாம் பொறுப்போமா?

மார்லியையே முதலில் கேட்க விழைவோர்க்கு 1973இல் வெளிவந்த ‘கேட்ச் எ ஃபயர்’ என்னும் இசைத்தட்டைப் பரிந்துரைப்பேன். அதற்குத் தனிக் காரணம் உண்டு. ஜமைக்காவில் பதிவு செய்யப்பட்ட அப்பாடல்களை இலண்டனில் ஐலண்ட் நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல் பெற்று, வெய்ன் பெர்க்கின்ஸ் என்னும் அமெரிக்கக் கலைஞரின் கித்தாரையும் பிற ஒலிகளையும் சேர்த்து, ராக் இசை கேட்போர்க்கு ஏற்ப மாற்றி வெளியிட்டார். மாற்றப்படாத மூல வடிவம் 2001இல்தான் வெளிவந்தது. அப்பதிப்பில் இரண்டு வடிவங்களும் இரு குறுந்தட்டுகளில் அடுத்தடுத்துக் கிடைக்கின்றன. பாடவேறுபாடு நோக்கிப் பயின்ற தமிழாசிரியர்க்கு இதனினும் இனிய பயிற்சி வேறில்லை. கூட்டப்பட்டது எது, அதனால் பெற்றது என்ன, இழந்தது என்ன என்று ஒரு பாடலை மட்டும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். என் செவிக்கு மூலமே உயர்ந்தது. அதில் இடைவெளிகள் மூடப்படவில்லை. எனினும் இலண்டன் வடிவம் இல்லையேல் உலகம் மார்லியைக் கேட்டிருக்குமா என்னும் வினாவையும் தள்ளிவிட இயலவில்லை.

ஒன்றையே பல வடிவில் கேட்பது ரெகேயில் விதிவிலக்கன்று; அதுவே அதன் உயிர்நிலை. ஜமைக்காவின் ஏழு அங்குலத் தட்டுகளின் முதற்பக்கத்தில் பாடல் இருக்கும்; மறுபக்கத்தில் குரல் நீக்கிய இசை மட்டும் இருக்கும். அதனை ‘வெர்ஷன்’ என்பர். அவ்விசை ஒலிக்க, மேலே பேசியும் பாடியும் கூட்டத்தை எழுப்புவோர் தோன்றினர். யூ ராய் அவருள் தலையாயவர். மின்கருவிகளைப் பழுது பார்ப்பதில் வல்லவரான கிங் டப்பி, பதிவான ஒலிகளை ஒவ்வொன்றாக நீக்கியும் சேர்த்தும் எதிரொலிக்கவிட்டும் ‘டப்’ என்னும் புதுக்கலையைப் படைத்தார். பாடகரும் பாடாமல், கருவியும் புதிதாக வாசிக்கப்படாமல், பதிவுப் பலகையின் முன் அமர்ந்த ஒருவரின் விரல்களே கலை செய்தன. 1976இல் வெளிவந்த ஆகஸ்டஸ் பாப்லோவின் ‘கிங் டப்பீஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ இக்கலைக்கு நல்ல சான்று.

ஒரு பேஸ் மெட்டும் தாளமும் சேர்ந்த அடித்தளத்தை ஜமைக்கர் ‘ரிடிம்’ என்பர். ஸ்டூடியோ ஒன் கலைஞர்கள் 1960களில் வாசித்த ‘ரியல் ராக்’ என்னும் ரிடிம், ஆண்டுகள் பல கழித்து வில்லி வில்லியம்ஸின் பாடலுக்கு அடித்தளமாயிற்று. அப்பாடலை 1979இல் ‘தி கிளாஷ்’ என்னும் ஆங்கிலேயக் குழுவினர் தம் முறையில் பாடினர். இதனைத் திருட்டு என்று சொல்வோர் உளர். வர்ணமெட்டைத் தலைப்பில் குறித்துவிட்டு அதில் புதுப்பாட்டுக் கட்டிய நம் நாடகப் புலவர்களையும் சிந்துப் புலவர்களையும் அங்ஙனம் சொல்வோமா? கலை நோக்கில் இது மரபேயன்றித் திருட்டன்று. பொருள் நோக்கில் வழக்கு வேறு. மெட்டைப் படைத்தவர் அன்றன்றைய கூலி பெற்றுச் சென்றார். அது நூறு வடிவில் விற்றபோது அவர்க்கு ஒன்றுமில்லை. 1993இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை அந்நாட்டில் நடப்பில் இருந்தது 1911ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டமே. இசையைத் திரட்டுவோர் இதனை மறத்தல் ஆகாது. உரிமையாளர்க்கு உரிய பங்கு செல்லும் மறுபதிப்புகளை நாடுதலே நேர்மை. கிங்ஸ்டனில் அன்று அச்சான பழைய தட்டுகளுக்கு இன்று பெருவிலை கொடுப்போர் உளர். அவற்றுள் பல நடுத்துளை விலகியவை, இரைச்சல் மிக்கவை, பெயர்ச்சீட்டில் பிழை மலிந்தவை. தொடங்குவோர்க்கு அவை வேண்டா.

மொழியைப் பற்றி ஆசிரியர்களிடம் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஜமைக்காவின் ஆட்சிமொழி ஆங்கிலம். மக்கள் வாய்மொழியோ பட்வா எனப்படும் கிரியோல். பள்ளியில் பேசத்தகாத கொச்சை எனப் பழிக்கப்பட்ட அம்மொழியில் வாழ்நாளெல்லாம் கவிதை எழுதிய லூயிஸ் பென்னெட் அம்மையார், 1966இல் ‘ஜமைக்கா லாப்ரிஷ்’ என்னும் தொகுதியை வெளியிட்டார். அவ்வழியில் வந்த லின்டன் குவேசி ஜான்சன், பதினோர் அகவையில் இலண்டன் சென்றவர். அங்குள்ள கறுப்பின மக்களின் துயரை ரெகே தாளத்திலேயே எழுதினார், ரெகே இசையுடனேயே ஒலித்தார். 2002இல் அவர் கவிதைகள் பெங்குவின் நிறுவனத்தின் தற்காலச் செவ்வியல் வரிசையில் வெளிவந்தன. அவ்வரிசையில் இடம்பெற்ற முதற் கறுப்பினக் கவிஞர் அவரே. இனி, ராஸ்தஃபாரி நெறியினர் சொற்களைக் கையாளும் திறத்தைப் பாருங்கள். ஒடுக்குமுறையைக் குறிக்கும் ‘ஒப்ரெஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலசை, மேலே என்னும் பொருள்தரும் ‘அப்’ போல ஒலிக்கிறது. ஒடுக்குவது எவ்வாறு மேலேற்றும் என்று வினவி, அதனை ‘டவுன்ப்ரெஷன்’ என மாற்றிவிட்டனர்! ‘நாம்’ என்பதற்கு ‘நானும் நானும்’ என்று பொருள்படும் தொடரை வழங்குகின்றனர். எதிரில் நிற்பவனும் எனக்குப் பிறன் அல்லன் என்பது கருத்து. சோம்பேறிகளின் உளறல் இத்தகைய சொல்லாராய்ச்சியைத் தோற்றுவிக்குமா?

கஞ்சாவை அந்நெறியினர் சமயச் சடங்காகக் கொண்டனர் என்பது உண்மை. நம் நாட்டுச் சட்டமும் நம் மாணவர் நலமும் அதனை ஏற்கா. ஆசிரியர் இதனை மறைக்காமல் சொல்லிவிடுதல் நன்று. அதுபோலவே, 1985இல் கணினி ஒலியில் அமைந்த ‘ஸ்லெங் டெங்’ ரிடிம் பெருவெற்றி பெற்றபின் பெருகிய பாடல்களுள் பல துப்பாக்கியைப் போற்றின. சில, ஒருபாலின விருப்பினர்மேல் வெறுப்பை உமிழ்ந்தன. அவற்றைத் திரட்டுமாறு நான் சொல்லமாட்டேன்.

திரட்டத் தக்கனவோ நிரம்ப உள. 1972இல் வந்த ‘தி ஹார்டர் தே கம்’ என்னும் திரைப்படத்தின் பாடல் தட்டு, ஜிம்மி கிளிஃப், டெஸ்மண்ட் டெக்கர், மேய்ட்டல்ஸ் எனப் பலரை ஒருங்கே அறிமுகம் செய்வதால் அதுவே தலைவாயில் ஆகத்தக்கது. அடுத்து, பர்னிங் ஸ்பியரின் ‘மார்கஸ் கார்வி’, 1975. கார்வியும் மார்லியும் பர்னிங் ஸ்பியரும் செயின்ட் ஆன் என்னும் ஒரே வட்டாரத்தில் பிறந்தவர்கள்; மறக்கப்பட்ட தலைவனைத் தன் வட்டாரத்துப் பாடகன் பெயர் சொல்லி அழைக்கும் குரலை அதில் கேட்கலாம். லீ பெர்ரியின் பிளாக் ஆர்க் கூடத்தில் உருவான, காங்கோஸ் குழுவினரின் ‘ஹார்ட் ஆஃப் தி காங்கோஸ்’, 1977, அதற்கடுத்தது. பெண் குரல்கள் குறைவு என்பது இவ்விசையின் பெருங்குறை. மார்சியா கிரிஃபித்ஸ், டான் பென் ஆகியோரைத் தேடிக் கேளுங்கள். அபிசீனியன்ஸ் குழுவினரின் ‘சட்டா மசகானா’ 1969இல் ஸ்டூடியோ ஒன்னில் பதிவானது. டாட் அதனை வெளியிடாது வைத்திருக்க, பாடியவர்களே ஒலிநாடாவை விலைகொடுத்து மீட்டு வெளியிட்டனர். இன்று அது ராஸ்தஃபாரி கூட்டங்களில் வழிபாட்டுப் பாடலாகவே வழங்குகிறது.

ஐந்தாறு தட்டுகள் சேர்ந்தவுடன் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். பாடகர் பெயர் மட்டும் போதாது; கூடம், தயாரித்தவர், வாசித்தவர், ரிடிம் ஆகியவற்றையும் எழுதிவையுங்கள். பழைய பெயர்ச்சீட்டுகளில் வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இராது. ஜாக்கி மிட்டூ என்பவர் பதினாறு அகவையிலேயே ஸ்காடலைட்ஸ் குழுவில் சேர்ந்து, ஸ்டூடியோ ஒன்னின் எண்ணற்ற பதிவுகளில் ஆர்கன் வாசித்தவர். 1960களின் இறுதியில் கனடா சென்று, 1990இல் அங்கேயே மறைந்தார். ‘ரியல் ராக்’ உருவானபோதும் அவர் அக்கூடத்தில் இருந்தார். சில திங்கள் இடைவிடாது கேட்டு வந்தால், சீட்டில் பெயர் இல்லாத தட்டிலும் ஆர்கன் நுழையும் இடத்தைக் கொண்டு ‘இவர் மிட்டூ’ என்று செவியே சொல்லிவிடும்.