இருமாமல் விழிக்க வைக்கும் கை

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களில் மூளை ஆபரேஷன் என்றால் பேச்சு திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரி பக்கம் திரும்பும். எல்லாரும் சர்ஜனைத்தான் புகழ்வார்கள். எனக்கு மயக்க டாக்டரின் கடைசி சில நிமிஷங்கள்தான் பிடிக்கும்.

மயக்கத்தில் மூச்சுவிடச் செருகியிருந்த டியூபை மூச்சுக்குழாயிலிருந்து உருவும்போது நோயாளி இருமினால் ரத்த அழுத்தம் எகிறும். மண்டைக்குள்ளும் அழுத்தம் ஏறும். தைராய்டு ஆபரேஷன் என்றால் கழுத்துக்குள் ரத்தம் கசியலாம். ஆழ்ந்த மயக்கத்திலேயே உருவினால் இருமல் அடங்கியிருக்கும். ஆனால் எச்சில் மூச்சுக்குள் இறங்கினால் தடுக்க ஆளில்லை. முழுக்க விழிக்கட்டும் என்று விட்டால் இருமித் தள்ளுவார். நடுவில் இருப்பது ஒற்றையடி வரப்பு.

அங்கேதான் மருந்து. ஸ்வீடனில் 1943-இல் லோஃப்கிரென் உருவாக்கிய லிக்னோகைன் (பல் பிடுங்குமுன் ஈறில் குத்துகிற அதே சரக்குதான்) இங்கே கை நரம்பில் ஏறுகிறது: கிலோ எடைக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம், உருவுவதற்கு ஓரிரு நிமிஷம் முன்னால். சிலர் ரெமிஃபென்டானில் என்ற வலிநீக்கியைக் குறைந்த அளவில் ஓடவிடுவார்கள். டெக்ஸ்மெடிடோமிடின் என்ற தூக்க மருந்து என்றால் நாடி இறங்கலாம். மானிட்டரை விட்டுக் கண் நகராது.

வாயை உறிஞ்சிச் சுத்தம் செய்து, டியூபைச் சுற்றி உப்பியிருக்கும் கஃப்பின் காற்றைச் சிரிஞ்சால் இழுத்து, வளைவோடு வளைவாக டாக்டர் டியூபை உருவுகிறார். "அண்ணே, கண்ணைத் தொறங்க." நோயாளி திறக்கிறார். உடனே ஆக்ஸிஜன் மாஸ்க்.