எல்லைப் பேச்சும் சின்னத் திரையும்

ராஜ் நிடிமோரு திருப்பதிக்காரர், கிருஷ்ணா டி.கே. சித்தூர்க்காரர். இருவரும் திருப்பதி வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, சாஃப்ட்வேர் வேலைக்கு அமெரிக்கா போய், அங்கிருந்தே சினிமா எடுக்கத் தொடங்கியவர்கள். "நம்ம ஊரு பசங்க" என்று பெருமைப்படுகிறோம். சரி. அவர்கள் தயாரித்த ஒரு சின்னத் தெலுங்குப் படத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

பிரவீண் கண்ட்ரேகுல இயக்கிய 'சினிமா பண்டி' 2021 மே மாதம் நேரடியாக நெட்ஃபிளிக்ஸில் வந்தது. யாரோ ஆட்டோவில் விட்டுப்போன கேமரா ஓட்டுநர் வீரபாபுவின் கையில் சிக்குகிறது. கல்யாண போட்டோ எடுக்கும் கணபதியைச் சேர்த்துக்கொண்டு, ஊராரை வைத்தே படமெடுக்கக் கிளம்பிவிடுகிறான். முடிவெட்டுபவர் கதாநாயகன், காய்கறி விற்கும் மங்கா கதாநாயகி! சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் என்னைப் பிடித்து இழுத்தது அதன் பேச்சுதான். ஆந்திர, கர்நாடக எல்லையோரத் தெலுங்கு. இஸ்திரி போடாத தெலுங்கு. தியேட்டரை நம்பி எடுத்திருந்தால், "இந்த பாஷை யாருக்குய்யா புரியும்?" என்று விநியோகஸ்தர் கேட்டிருப்பார். கீழே எழுத்து ஓடும் திரையில் அந்தக் கேள்விக்கு வேலையில்லை.

அதே இருவரின் 'தி ஃபேமிலி மேன்' இரண்டாம் பாகத்திலும் (2021) தமிழர்கள் தமிழிலேயே பேசினார்கள். இந்திப் படத்துத் தமிழர் போல 'ஐயையோ' போடவில்லை. ஆனால் ஈழத்தமிழரைக் காட்டிய விதத்துக்குத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது, அது நியாயமே. பேச்சு சரியாகிவிட்டால் பார்வையும் சரியாகிவிடுமா என்ன?

'சினிமா பண்டி'யிடம் எனக்கொரு குறை உண்டு. படம் எடுக்கும் பாட்டை இவ்வளவு ரசித்துச் சொன்னவர்கள், எடுத்ததை விற்கும் பாட்டை லேசாகத் தாண்டிவிடுகிறார்கள். அவர்களுக்கு மும்பையில் பெயர் இருந்தது, கதவு திறந்தது. வினோத்ராஜின் 'கூழாங்கல்' கதையோ வேறு. 2021-இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்று, அந்த ஆண்டே ஆஸ்கருக்கான இந்தியப் பரிந்துரையும் ஆன அந்தத் தமிழ்ப்படம், சோனி லிவ் வழியாக நம் வீட்டுக்கு வர 2023 அக்டோபர் ஆயிற்று. தியேட்டர்காரர் நின்ற இடத்தில் இப்போது ஓடிடி கம்பெனிக்காரர் நிற்கிறார், அவ்வளவுதான்.

1960-இல் திருத்தணி அந்தப் பக்கம் போக, சித்தூர் இந்தப் பக்கம் நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும். இந்தக் கலப்புப் பேச்சிலேயே ஓடும் முழுப்படம் ஒன்றை இதுவரை நான் பார்த்ததில்லை. நம் ஊர்க் கல்யாண வீடியோக்காரர்களிடம் வீரபாபுவுக்குக் கிடைத்ததைவிட நல்ல கேமராக்கள் இருக்கின்றன. யாராவது எடுத்தால் முதல் டிக்கெட் எனக்கு. தியேட்டர் கிடைக்காவிட்டால் நம் சங்கக் கூடத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிப் போட்டுக் காட்டலாம்.