எல்டன் ரிங்: ஓங்கிய கம்பு இறங்கும் வரை

எல்டன் ரிங்கில் வாளை ஒருமுறை ஓங்கிவிட்டால் திருப்பி எடுக்க முடியாது. பட்டனை அமத்திய பிறகு மனம் மாறினாலும், எதிரியின் கோடரி வருவதைக் கண்ணால் கண்டாலும், வீசிய வாள் தன் பாதையை முடித்த பின்னர்தான் அடுத்த அசைவு நடக்கும். பெரிய வாள் என்றால் அந்தக் காத்திருப்பு நீளும், சிறிய கத்தி என்றால் குறுகும். இந்த ஆட்டத்தின் சண்டைச் சுகமும் கடுமையும் இந்த ஒரே விதியில் இருந்துதான் பிறக்கின்றன. "அது சரியான கஷ்டமான கேம்" என்று பெயரைக் கேட்டதுமே விலகிப் போகிற எங்கள் ஊர்ப் பொடியன்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விரல் வேகம் இல்லாதவர்களும் இதை வெல்லலாம். பொறுத்து அடிக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

ஜப்பானின் ஃப்ரம்சொஃப்ட்வெயார் நிறுவனம் இதை 2022 பெப்ரவரி 25 அன்று வெளியிட்டது. இயக்கியவர் ஹிடெடாக்கா மியாசாக்கி. ஆட்டம் நடக்கும் உலகின் பழங்கதையை எழுதிக் கொடுத்தவர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். 2009இல் டீமன்ஸ் சோல்ஸ், 2011இல் டார்க் சோல்ஸ், 2019இல் செகிரோ என்று ஒரே பட்டறையில் தீட்டிவந்த சண்டை முறையை முதன்முறையாகத் திறந்த பெருவெளியில் கொண்டுவந்து விட்டார்கள்.

அது வெளியான நேரம் இலங்கைக்கு எப்படிப்பட்ட நேரம் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். மார்ச் முற்பகுதியில் ரூபாவை மிதக்க விட்டார்கள். 60 டொலர் ஆட்டம் பெப்ரவரியில் ஏறக்குறைய 12,000 ரூபாவாக இருந்தது, மே மாதத்தில் 21,000ஐத் தாண்டியது. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பும் வந்தது. காத்தான்குடியில் தராவீஹ் முடிந்து சஹருக்கு முன் கரண்ட் இருக்கும் இடைவெளிதான் ஆடுவதற்குக் கிடைத்த நேரம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே வீடுகள் நெருங்கி நிற்கும் ஊர் இது. மின்விசிறியும் நின்றுபோன இரவில் இங்கே புழுக்கம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எல்டன் ரிங்கில் வழக்கமான நிறுத்து பட்டனும் கிடையாது. மெனுவைத் திறந்தாலும் எதிரி அடித்துக்கொண்டேதான் இருப்பான். மெனுவுக்குள்ளே உதவிப் பகுதியில் இருக்கும் "மெனு விளக்கம்" என்ற பக்கத்தைத் திறந்தால் மட்டும் உலகம் அப்படியே உறைந்து நிற்கும். உம்மா கூப்பிடும் வீடுகளில் இருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான். ஆட்டம் தன்னைத்தானே அடிக்கடி சேமித்துக்கொள்வதால் கரண்ட் போனாலும் பெரிதாக எதையும் இழப்பதில்லை. ஆனால் அரை உயிரில் நின்ற பாஸ், விளக்கு வந்ததும் முழு உயிரோடு காத்திருப்பான்.

சண்டைக்கு வருவோம். அடிப்பது, உருள்வது, கேடயத்தால் தடுப்பது, சண்டைக்குள் ஓடுவது எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைக் கோடுதான் செலவு. அந்தக் கோடு தீர்ந்த கணத்தில் உருள முடியாது. கேடயத்தில் ஒரு கனத்த அடி விழுந்தால் கை விரிந்து நெஞ்சு திறந்துவிடும். புதிதாக வருபவர்கள் சாவது பெரும்பாலும் உயிரைக் காட்டும் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு பச்சைக் கோட்டை மறப்பதால்தான். இரண்டு அடி போதும் என்று தெரிந்தும் மூன்றாவதுக்கு ஆசைப்படுவார்கள். எதிரியின் பதிலடி வரும்போது உருள்வதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.

உருள்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உருளும் பட்டனும் ஓடும் பட்டனும் ஒன்றே என்பதால், நீங்கள் அமத்தும்போது ஆட்டம் எதையும் முடிவு செய்வதில்லை. விரலை எடுக்கும்போதுதான் உருளும். பட்டனை இறுக்கி அமத்துபவர்களுக்கு இது பெரிய தலையிடி. "நான் நேரத்துக்குத்தான் மச்சான் அமத்தின, இவன் பிந்தி உருள்றான்" என்று ஒரு நண்பன் கொன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கொன்ட்ரோலரில் ஒரு பிழையும் இல்லை. பட்டனைத் தொட்டு உடனே விடப் பழகினால் பாதி மரணங்கள் குறையும். மற்றப் பாதிக்குக் காரணம், பதற்றத்தில் இரண்டு மூன்று முறை தட்டுவது. ஒரு அசைவின் நடுவில் தட்டியதை ஆட்டம் வரிசையில் வைத்துக்கொண்டு, அந்த அசைவு முடிந்ததும் நிறைவேற்றும். நீங்கள் வேண்டாம் என்று நினைக்கும் நேரத்தில் ஆள் தானாக உருள்வது அதனால்தான்.

உருளும்போது உடலில் அடி படாத ஒரு சிறு நேரம் உண்டு. ஆட்டக்காரர்கள் அளந்து சொன்ன கணக்குப்படி, நடுத்தரப் பாரத்தில் அது வினாடிக்கு 30 சட்டகம் என்ற கணக்கில் 13 சட்டகம், அரை வினாடிக்கும் சற்றுக் குறைவு. தூக்கும் பாரம் உங்கள் எல்லையில் 70 வீதத்தைத் தொட்டதும் ஆள் பொத்தென்று விழுந்து எழுவான். அடிபடாத நேரம் அப்போது பெரிதாகக் குறைவதில்லை, எழுந்து நிற்கத்தான் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் அடுத்த அடி வந்து சேரும். அழகான இரும்புச் சட்டையைக் கண்டதும் மாட்டிக்கொள்ளும் முன் பாரக் கணக்கைப் பாருங்கள்.

அடி பட்ட உணர்வு எப்படி? இங்கேதான் எனக்கு இந்த ஆட்டத்தின் மீது தீராத மரியாதை. வாள் சதையில் படும்போது ஒரு நொடித்துண்டு நேரம் அசைவு பிடித்து நிற்கிறது, கல்லில் பட்டால் தெறித்துத் திரும்புகிறது. ஒடுங்கிய குகையில் நீண்ட ஈட்டியைப் பக்கவாட்டில் வீசினால் சுவரில் மோதிக் கை உதறும். பெரிய சுத்தியலோடு குதித்து இறங்கினால் எதிரியின் நிலை குலைகிறது. அப்படிச் சில முறை குலைந்தால் மண்டியிடுவான், அருகில் போய் ஒரே குத்தில் பெரும் காயம் செய்யலாம். கேடயத்தால் தடுத்த கையோடு கனத்த அடியை அமத்தினால் வரும் எதிரடி இந்தத் தொடரில் புதிது. உருள்வதை வெறுப்பவர்களுக்கு அது ஒரு முழு ஆட்டமுறையையே திறந்து கொடுக்கிறது. ஆரம்பத்தில் மிகப் பெரிய ஆயுதங்கள் தேவைக்கு மேல் மந்தமாக இருந்தன. 2022 ஏப்ரலில் வந்த 1.04 திருத்தத்தில் அவற்றின் வேகத்தைக் கூட்டினார்கள். அதன் பின்னர் இரு கையாலும் பிடித்த பெருவாள்தான் என் விருப்ப ஆயுதம்.

முதல் உண்மையான பரீட்சை, ஸ்டோர்ம்வேல் கோட்டை வாசலில் நிற்கும் மார்கிட். கையில் ஒரு கம்பு வைத்திருக்கிறான். அதைத் தலைக்கு மேல் ஓங்குகிறான், நாம் உருள்கிறோம், அவன் இன்னும் ஓங்கியபடியே நிற்கிறான். நாம் உருண்டு எழும் நேரத்துக்குத்தான் கம்பு இறங்குகிறது. பலர் இந்த இடத்தில் ஆட்டத்தை அழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கிழக்கில் சீனடி, சிலம்படி பழகியவர்களுக்கு இந்தக் கம்பு புரியும். ஓங்கிய கம்பைக் கண்டு பின்வாங்குபவன்தான் அடி வாங்குவான் என்று அண்ணாவியார் முதல் நாளிலேயே சொல்லித் தருவார். கம்பு புறப்படும் கணத்துக்குக் கண் பழக வேண்டும். மார்கிட்டிடமும் அதே பாடம்தான். ஓங்குவதைப் பார்த்து உருளாமல், இறங்குவதைப் பார்த்து உருள வேண்டும், அதுவும் பின்னால் இல்லாமல் அவன் கைப்பக்கமாக முன்னால். இதைக் கற்றுக்கொண்டதும் அதே மார்கிட் வேறு ஒருவனாகத் தெரிவான். அவன் தாமதிக்கும் அந்த நேரம் நமக்கு இலவசமாகக் கிடைத்த ஒரு அடிக்கான இடைவெளி என்று விளங்கும்.

அவனைத் தாண்ட இன்னும் வழிகள் உண்டு. கடுமை பற்றிய பேச்சு பெரும்பாலும் பிழைத்துப்போவது இங்கேதான். எல்டன் ரிங்கில் சுலபம், நடுத்தரம், கடினம் என்று தெரிவு செய்யும் மெனு இல்லை. அதற்குப் பதில் நாடு முழுவதும் அந்தத் தெரிவுகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். லிம்கிரேவின் சுரங்கங்களில் கல் பொறுக்கி வாளைக் கூர்மையாக்கலாம். சாம்பலில் இருந்து ஓநாய்களை எழுப்பித் துணைக்கு விடலாம். மேர்க்வோட்டர் குகையில் இருக்கும் பட்சஸ் என்பவனிடம் 5,000 ரூன் கொடுத்து, மார்கிட்டையே தரையோடு கட்டிப்போடும் விலங்கை வாங்கலாம். வாசலுக்கு வெளியே ரொஜியர் என்ற மந்திரவாதியைக் கூட்டிக்கொள்ளலாம். எதுவுமே பிடிக்காவிட்டால் வேறு திசையில் குதிரையை விட்டு, பலம் சேர்த்துக்கொண்டு திரும்பி வரலாம். இவற்றைப் பயன்படுத்தினால் "உண்மையான வெற்றி இல்லை" என்று சிலர் பெருமை பேசுவதை நான் ஏற்கவில்லை. ஆட்டத்தை ஆக்கியவர்கள் வைத்த கருவி அது. உயிர்ப்பலத்தை 40 வரை ஏற்றினால் 1,450 உயிர்ப்புள்ளி, 60 என்றால் 1,900. தாக்கும் பலத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஒரே அடியில் சாகிறேன் என்று முறையிடுபவர்கள் முதலில் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் இப்படியான கற்பனைச் சண்டை ஆட்டம் ஒன்று வந்திருக்கிறதா என்று கேட்டால், புனேயின் நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் வெளியிட்ட ராஜி நினைவுக்கு வருகிறது. அசுரன் மகாபலாசுரனின் படை கடத்திச் சென்ற தம்பி கோலுவைத் தேடிப் போகும் ராஜி என்ற பெண்ணின் கதை. சுவரில் ஓடி, தூணைப் பிடித்துச் சுழன்று, திரிசூலத்தால் குத்தும் அசைவுகள் பார்க்க அருமை. நிதி திரட்டும் முதல் முயற்சி கைகூடாமல் போன பிறகும் விடாமல் முடித்த சிறிய குழு அது, அதற்காகவே மனதார மெச்சுகிறேன். ஆனால் சண்டையின் கனம் அங்கே குறைவு. திரிசூலம் அசுரன் மீது பட்டதா, காற்றில் போனதா என்று கைக்குத் தெரிவதில்லை. அடி வாங்கினால் எதற்காக வாங்கினோம் என்பதும் பல நேரம் கூட்டத்துக்குள் மறைந்துவிடுகிறது. எல்டன் ரிங்கில் செத்த உடனேயே, பெரும்பாலும், ஏன் செத்தேன் என்று தெரியும். மறுபடி எழும்பி ஓட வைப்பது அந்தத் தெளிவுதான்.

பெரும்பாலும் என்று சொன்னேன். கடைசி மூன்றில் ஒரு பங்கில் இந்தத் தெளிவு கலங்குகிறது என்பதுதான் என் முக்கியமான குறை. பனிமலைக்கு ஏறியதும் சாதாரண எதிரியின் அடியே உயிரில் பாதியைப் பிடுங்குகிறது. பாஸ்கள் அடித்துக்கொண்டே போகிறார்கள், நமக்குக் கிடைக்கும் முறை ஒரு அடிக்குச் சுருங்கிவிடுகிறது. உயிர் கூட்டும் குடுவையில் வாய் வைத்த கணத்திலேயே சில எதிரிகள் பாய்கிறார்கள். நம் அசைவை அவர்கள் கண்டு பாய்வது போல அது இல்லை, பட்டனையே படித்துவிட்டுப் பாய்வது போலத்தான் இருக்கிறது. உச்சம் மலேனியா என்ற பாஸ். அவள் அடி நம் மீது பட்டால் அவளுக்கு உயிர் கூடுகிறது, கேடயத்தால் தடுத்தாலும் கூடுகிறது. அப்படியென்றால் கேடயத்தோடு இத்தனை தூரம் வந்தவனுக்கு இந்த ஆட்டம் அதுவரை கற்றுத்தந்தது என்ன? அந்தரத்தில் எழும்பி அவள் வீசும் நீர்ப்பறவை நடனத்தை அருகில் நின்று வாங்கினால், அதற்கு முன் எந்த எதிரியிடமும் கற்ற பாடம் உதவாது. வெளியே போய் வழி தேடிப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. கஷ்டம் என்பதற்காக நான் அவளைக் குறை சொல்லவில்லை. மார்கிட் வைத்த பரீட்சைக்கு அவனே ஆசிரியராகவும் இருந்தான். மலேனியா கேள்வியை மட்டும் தருகிறாள்.

2024 ஜூன் 21 அன்று வந்த ஷேடோ ஒஃப் த எர்ட்ட்ரீ என்ற விரிவாக்கத்தில் கடுமை பற்றிய இதே தகராறு இன்னும் பெரிதாகக் கிளம்பியது. அங்கே உள்ளே போகவே ரடான், மோக் என்ற இரண்டு பாஸ்களையும் வென்றிருக்க வேண்டும். போன பின்னர் நீங்கள் சேர்த்து வைத்த நிலைகளுக்குப் பெரிய மதிப்பில்லை. அந்த நிலத்தில் சிதறிக் கிடக்கும் ஸ்கேடுட்ரீ துண்டுகளைத் தேடி எடுத்தால்தான் பலம் கூடும். தேடாமல் நேரே பாஸிடம் ஓடியவர்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே அந்தத் துண்டுகளின் ஆரம்பப் பலனைத் திருத்தத்தில் கூட்டினார்கள், கடைசி பாஸையும் பின்னர் தணித்தார்கள். துண்டுகளைத் தேட வைக்கும் அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஊரைச் சுற்றிப் பார்ப்பவனுக்குத்தான் அது கூலி கொடுக்கிறது.

இனி வாங்குபவர்களுக்கு. ஆகக் குறைந்த தேவை என்று நிறுவனம் சொல்வது 12 ஜிபி ராம், ஐ5-8400, ஜிடிஎக்ஸ் 1060 3 ஜிபி, 60 ஜிபி இடம். இந்த ஊர் வெக்கையில் மடிக்கணனி சூடேறி வேகத்தைக் குறைக்கும்போது உருளும் நேரமே பிசகும். ஆகவே நிழலையும் புல்லையும் முதலில் குறைத்து, சட்டக வேகம் ஏறி இறங்காமல் ஒரே சீராக நிற்கும்படி வையுங்கள். ஆட்டம் எப்படியும் 60க்கு மேல் போகாது. கீபோர்டை விடக் கொன்ட்ரோலர் நல்லது. தமிழ் இல்லை, ஆயுதங்களின் குறிப்புகளை ஆங்கிலத்தில்தான் வாசிக்க வேண்டும். முதல் முறை ஆடுபவர்கள் வகபொண்ட் என்ற தொடக்கப் பாத்திரத்தைத் தெரிவு செய்யுங்கள், உடலில் படும் அடியை முழுதாகத் தடுக்கும் கேடயம் தொடக்கத்திலேயே கிடைக்கும். திறந்தவெளிக்கு வந்ததும் தங்கக் கவசத்தோடு குதிரையில் திரியும் ட்ரீ சென்டினலைச் சுற்றிக் கடந்து போங்கள். உங்களுக்கும் ஒரு குதிரை கிடைத்து, கையில் உள்ள வாளும் நாலைந்து கல் கண்ட பிறகு அவனிடம் திரும்பி வாருங்கள்.