கசங்காத நூறு வெள்ளி

பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வாரக்கடைசிச் சந்தையில் ஜப்பான்காரன் காலத்து நோட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்கிறார்கள். பத்து வெள்ளியில் வாழைமரம் இருப்பதால் எல்லாவற்றுக்குமே வாழைமரக் காசு என்று பேர். நோட்டில் மலாயாவைக் குறிக்கும் 'எம்' எழுத்து, கேட்டவுடன் பணம் தருவதாக ஜப்பானிய அரசாங்கத்தின் வாக்குறுதி. பின்னால் அச்சடித்தவற்றில் தொடர் எண்ணே கிடையாது. சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான், அப்புறம் மடிப்பை. மடிப்பு விழாத நோட்டுக்கு விலை கூடுதல்.

எனக்கு இந்த மதிப்பீட்டோடுதான் சண்டை. மடிப்பு விழவில்லை என்றால் அது யார் கையிலும் புழங்கவில்லை என்று அர்த்தம். முந்தானையில் முடிந்து, அரிசிக்கும் மரவள்ளிக்கிழங்குக்கும் கைமாறிய நோட்டு மட்டும் எப்படித் தரம் குறைந்ததாகும்?

1945இல் வந்த நூறு வெள்ளியை எடுத்துக்குங்க. ரப்பர் தோட்டத்தில் ஆட்கள் வேலை செய்கிற படம். எவ்வளவு அமைதியான படம்! உண்மையில் ரப்பருக்குச் சந்தையே இல்லாமல் தோட்டங்கள் முடங்கிக் கிடந்த காலம் அது. நாளுக்கு ஒரு வெள்ளி என்று ஆசைகாட்டியும், மிரட்டியும், மடக்கிப் பிடித்தும் தோட்டத்துத் தமிழர்களைச் சயாமுக்கு ரயிலேற்றியிருந்தார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் பால்மரத்தடியில் ஆட்களை நிறுத்தி நோட்டு அடிக்கிறான். கலை என்று பார்த்தாலும் அது பொய்ப்படம்.

அந்தப் படத்தில் இல்லாதவர்களை ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவல்களில்தான் தேட வேண்டியிருக்கிறது. நாமோ மேடையில் இவற்றை 'ஆவணம்' என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதுவும் பிளாஸ்டிக் உறைதான். ஆவணம் என்று சொல்லிவிட்டால், நாவலாக எங்கே நிற்கிறது, எங்கே தகவலாகச் சரிகிறது என்று சண்டை போட்டு வாசிக்கத் தேவையில்லை பாருங்க.

1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பியதும் இந்தக் காசு செல்லாது என்றாகிவிட்டது. அப்படியும் சில வீடுகளில் அதைத் தூக்கிப் போடவில்லை. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் நாலாய் மடித்த நோட்டு ஒன்று கிடைத்தால், விலை விசாரிக்கிறது இருக்கட்டும். எந்தத் தோட்டத்தில் வாங்கிய காசு, வாங்கினது யார், அவர் சயாமுக்குப் போனாரா என்று முதலில் கேட்டு எழுதி வைங்க. கேட்க ஆள் இருக்கும்போதே.