இரண்டு புரூஸ் வெய்ன்கள், ஒரே குரல்

பேட்மேன் ஒரு ரவுடியைப் பிடித்து விசாரிக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு, அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு, நாம் பல வருடங்களாகப் பார்த்துப் பயந்த அதே தோரணையில். பக்கத்தில் கைத்தடியை ஊன்றியபடி ஒரு கிழவர் நின்று இதையெல்லாம் பார்க்கிறார். எண்பதைத் தொடும் வயது. முகத்தில் அப்படி ஓர் அதிருப்தி. நானும் ஒரு காலத்தில் இவ்வளவு கத்துக்குட்டியாகவா இருந்தேன் என்று நொந்துகொண்டு, ‘நகரு, நான் கேட்கிறேன்’ என்கிற மாதிரி முன்னால் வருகிறார். அடுத்த நொடி அந்த ரவுடி அலறுகிறான்.

அந்தக் கிழவரும் பேட்மேன்தான். ஐம்பது வருடம் கழித்து இருக்கப்போகிற புரூஸ் வெய்ன்.

இந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. போன வாரம் அக்கா மகனை உட்காரவைத்து மறுபடியும் பார்த்தேன். ஒன்பது வயதுக்காரன். காட்சி முடிந்ததும் என் கையைப் பிடித்து உலுக்கினான். “சித்தி, ரெண்டு பேரும் ஒரே ஆளா? அப்போ அவரையே அவர் திட்டுறாரா?” ஆமாம் தங்கம், அதுதான் விஷயமே!

‘ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட்’ தொடரில் 2005 ஜனவரியில் அடுத்தடுத்த வாரங்களில் வந்த இரண்டு பாகக் கதை இது. பெயர் ‘தி ஒன்ஸ் அண்ட் ஃப்யூச்சர் திங்’. முதல் பாகம் ‘வியர்ட் வெஸ்டர்ன் டேல்ஸ்’, இரண்டாவது ‘டைம், வார்ப்ட்’. இரண்டையும் சேர்த்தாலும் முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. அந்த முக்கால் மணிக்குள் விண்வெளி நிலையம், குதிரைக்காரர்கள் திரியும் பழைய அமெரிக்க மேற்கு, எதிர்கால காதம் நகரம், கடைசியில் பிரபஞ்சம் பிறக்கிற கணம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருகிறோம். மூன்று மணி நேரம் ஓடுகிற பெரிய படங்களில் கிடைக்காத நிறைவு எனக்கு இதில் கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் கிடைக்கிறது.

கதை ஆரம்பிக்கிற விதமே எனக்கு உயிர். காலத்தைக் கடக்கும் வித்தையைக் கண்டுபிடித்தவன் உலகை ஆளத் துடிக்கிற அரக்கனாக இருப்பான் என்றுதானே எதிர்பார்ப்போம்? டேவிட் கிளிண்டன் அப்படி இல்லை. கூச்ச சுபாவம், ஒடிசலான குரல், வீட்டில் மனைவி ஈனிடிடம் நாள் முழுக்க வசவு. எவ்வளவு பெரிய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு உருப்படியாக ஒன்றும் செய்யவில்லையே என்று அவள் கரித்துக்கொட்டுகிறாள். அவன் செய்வதெல்லாம் கடந்த காலத்துக்குப் போய், காணாமல் போனாலும் யாரும் தேடாத பழம்பொருள்களை எடுத்து வந்து சேர்த்துவைப்பது. வரலாறு குலைந்துவிடக் கூடாது என்ற பயம் அவனுக்கு நிறையவே இருக்கிறது. பீட்டர் மக்நிக்கோல் இந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு வாக்கியத்தையும் யாரிடமோ அனுமதி கேட்பதுபோல் அவர் ஆரம்பிப்பதைக் கேளுங்கள். முதல் பத்து நிமிடம் அவன்மேல் பரிதாபம்தான் வரும்.

அவன் அப்படி எடுக்க வந்த பொருள்களில் ஒன்று பேட்மேனின் இடுப்புக் கச்சை. மாட்டிக்கொள்கிறான். தப்பி ஓடும்போது பேட்மேன், வொண்டர் உமன், கிரீன் லான்டர்ன் ஜான் ஸ்டூவர்ட் மூவரும் அவன் திறந்த வழியிலேயே பின்னால் பாய்கிறார்கள். போய் விழுவது 1879இல்.

இங்கே எனக்கு நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் பலரும் முதல் பாகத்தை இரண்டாவதற்கான முன்னுரை மாதிரி நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். அநியாயம். எல்க்ஹார்ன் என்ற சின்ன ஊர். டோபியாஸ் மானிங் என்ற கொள்ளைக்காரன் கிளிண்டனைப் பிடித்துவைத்து, அவனுடைய காலக் கச்சையைப் பறித்துக்கொண்டு, ஊரையே வளைத்துப் போட்டிருக்கிறான். குதிரை நிற்க வேண்டிய தெருவில் ரோபோ நிற்கிறது. கௌபாய்களோடு டைனோசர் வருகிறது! கதை கேட்கும் குழந்தை ‘அப்புறம்? அப்புறம்?’ என்று கேட்கக் கேட்க, சொல்லுகிறவர் உற்சாகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவாரே, அந்தத் துள்ளல் இந்தப் பாகம் முழுக்க இருக்கிறது. அக்கா மகன் டைனோசரைப் பார்த்ததும் சோபாமேல் ஏறி நின்றுவிட்டான். நான் அவனை இறங்கச் சொல்லவில்லை.

அந்த ஊரில் நம் மூவருக்கும் துணை வருகிறவர்களைத்தான் நான் கொண்டாடுகிறேன். ஜோனா ஹெக்ஸ், பேட் லேஷ், முகமூடிக்கார எல் டியாப்லோ, ஷெரிஃப் ஒஹியேசா ஸ்மித். நால்வரும் டிசி நிறுவனத்தின் பழைய கௌபாய் காமிக்ஸ்களிலிருந்து எழுந்து வந்தவர்கள். ஸ்மித் 1949இல் பிறந்த பாத்திரம். பேட் லேஷ் 1968. பாதி முகம் வெந்து சிதைந்த ஹெக்ஸை 1972இல் ஜான் அல்பானோவும் டோனி டிசுனிகாவும் உருவாக்கினார்கள். அவர் வலம் வந்த பத்திரிகையின் பெயர்தான் முதல் பாகத்தின் தலைப்பாக வந்திருக்கிறது. இதெல்லாம் தெரியாமலேயே கதையை முழுசாக ரசிக்கலாம். தெரிந்தால் இன்னொரு கதவு திறக்கிறது.

ஒரு சின்ன உதாரணம். வந்திருக்கும் மூன்று பேரும் வருங்காலத்துக்காரர்கள் என்பதை ஹெக்ஸ் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறார். எப்படித் தெரியும் என்று கேட்டால், தன் வாழ்க்கையில் சுவாரஸ்யத்துக்குக் குறைவில்லை என்கிற மாதிரி ஒரு பதில். அவ்வளவுதான், கதை நகர்ந்துவிடுகிறது. எனக்கு அது அர்த்தமானது பல வருடங்களுக்குப் பிறகு. 1985இல் வந்த ஒரு காமிக்ஸ் தொடரில் இதே ஹெக்ஸை வருங்காலத்துக்கு, போரில் அழிந்த உலகுக்கு, தூக்கி எறிந்திருக்கிறார்கள். அங்கே அவர் பட்ட பாடு அத்தனையும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. இது தெரிந்த அன்று எழுந்துபோய் அந்த இடத்தை மட்டும் நான்கு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

இப்படி எழுதத் தெரிந்த மனிதர் ட்வெய்ன் மக்டஃபி. டெட்ராய்ட்டில் பிறந்தவர், கறுப்பினத்தவர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இலக்கியமும் இயற்பியலும் படித்தவர். இரண்டையும் படித்தவர் காலப்பயணக் கதை எழுதினால் எப்படியிருக்கும் என்பதற்கு இந்த இரண்டு பாகங்களே சாட்சி. 1993இல் நண்பர்களோடு சேர்ந்து மைல்ஸ்டோன் என்ற காமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, ஸ்டாட்டிக் என்ற மின்சாரச் சிறுவனை உலகுக்குத் தந்தவர்களில் ஒருவர். 2011 பிப்ரவரியில், நாற்பத்தொன்பது வயது நிறைந்த மறுநாள் காலமானார். அவர் பெயர் திரையில் வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் நெஞ்சடைக்கும்.

இரண்டாவது பாகத்தில் கிளிண்டன் மாறிவிட்டான். மானிங்கிடம் பட்ட அவமானம் அவனுக்குள் எதையோ முறித்துப்போட்டிருக்கிறது. இனி யாரிடமும் அடங்கிப்போகப் போவதில்லை என்று முடிவு கட்டி, குரோனோஸ் என்ற பெயரோடு தன் காலத்துக்குத் திரும்பி, காதம் நகரத்தையே வளைத்துக்கொள்கிறான். ரோமாபுரியின் கொலோசியத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து தனக்கு அரண்மனையாக்கிக்கொள்கிறான். யாரும் தேடாத பொருளை மட்டும் எடுத்துவந்தவன்! ஜோக்கர்ஸ் கும்பல் அவனுக்கு அடியாள் படை. கோபம் வந்தால் ஆளை டைனோசர்கள் அழிந்த நாளுக்கு, அந்த விண்கல் விழுகிற இடத்துக்கே, அனுப்பிவைக்கிறான். முதல் பாகத்தில் இரக்கப்பட்ட அதே மனிதன்தான் இவன் என்பது தொண்டையில் முள்ளாக நிற்கிறது. எந்த இடத்தில் இவன் கெட்டான் என்று தேடினால் ஒரு இடம் அகப்படாது. ஒவ்வொரு படியும் சின்னப் படி.

மூன்று பேரும் போய் இறங்கும் அந்தக் காதம், ‘பேட்மேன் பியாண்ட்’ பார்த்தவர்களுக்கெல்லாம் சொந்த ஊர். 1999இல் தொடங்கிய அந்தத் தொடரில் புரூஸ் வெய்ன் கிழவராகி ஓய்ந்துவிட்டார். டெர்ரி மெக்கின்னிஸ் என்ற பையன் புதிய பேட்மேன். அந்தத் தொடர் முடிந்தபோது எனக்கு ஏற்பட்ட வெறுமை இன்னும் நினைவிருக்கிறது. மூன்று வருடம் கழித்து, எதிர்பாராத ஒரு கதையின் நடுவில், டெர்ரி திரும்ப வந்து நிற்கிறான். கூடவே ஸ்டாட்டிக். நமக்குத் தெரிந்த பள்ளிக்கூடப் பையன் இங்கே நரை தட்டின ஆளாக நிற்கிறார். மூன்றாவதாகக் கவசமும் சிறகும் அணிந்த வார்ஹாக். லீகில் எஞ்சியிருப்பவர்கள் இவர்கள்தான்.

ஜான் ஸ்டூவர்ட்டுக்கும் ஸ்டாட்டிக்குக்கும் குரல் ஒருவரே, ஃபில் லமார். பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசுகிறார்கள். தெரிந்தே ஏமாந்தேன், சந்தோஷமாக ஏமாந்தேன்.

கெவின் கான்ராய்க்கு வருகிறேன். 1992 முதல் பேட்மேனின் குரல் அவர். இந்தப் பாகத்தில் இளைய புரூஸும் அவர்தான், முதிய புரூஸும் அவர்தான். நடுங்கும் தாத்தாக் குரலைப் போட்டு ஒப்பேற்றிவிடலாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை. அவர் அப்படிச் செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப்பாருங்கள். இளையவரின் குரல் இறுக்கிக் கட்டிய கயிறு, எப்போதும் யாரையோ மிரட்டத் தயாராக இருக்கிறது. முதியவரின் குரலில் மிரட்டலே இல்லை. தேய்ந்து கரடுதட்டி, எதிராளி என்ன நினைப்பான் என்ற கவலை முழுக்க விட்டுப்போன குரல். இளையவர் பயமுறுத்த நடிக்கிறார், கிழவர் நடிப்பதை நிறுத்தி வெகுகாலமாகிவிட்டது. இதைக் குரல் ஒன்றை வைத்தே சொல்லிவிட்டார் மனிதர். 2022 நவம்பரில் அவர் இறந்த செய்தி வந்த இரவு, நான் வேறு எதையும் தேடவில்லை. இந்தப் பாகத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு புரூஸ்களும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜானுக்கு நேர்வது வேறு மாதிரி. வார்ஹாக்கின் நிஜப் பெயர் ரெக்ஸ் ஸ்டூவர்ட். ஜானுக்கும் ஹாக்கேர்ள் ஷயேராவுக்கும் பிறக்கப்போகிற மகன். ஷயேராவுடன் எல்லாம் முறிந்து, ஜான் இப்போது வேறொரு பெண்ணுடன் பழகிக்கொண்டிருக்கும் சமயம் அது. முகம் தெரியாத ஓர் ஊரில், சண்டைக்கு நடுவில், வளர்ந்த மகன் எதிரே வந்து நிற்கிறான். கட்டிப்பிடித்து அழ நேரமில்லை, பின்னணியில் வயலின் இழையவும் இல்லை. ஒரு பார்வை, இரண்டு மூன்று வார்த்தைகள், மறுபடி சண்டை. முப்பது வருடம் கதை சொல்லி உருக்க வேண்டியதை அரை நிமிடத்தில் முடித்துவிட்டு நகர்கிறார் மக்டஃபி. அந்த அரை நிமிடம் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது.

காலம் கிழியத் தொடங்கியதும் வருகிற காட்சிகள் எனக்கு இன்றும் சிலிர்ப்பு. வொண்டர் உமன் கண்முன்னே இல்லாமல் போகிறார், அவர் வந்த வரலாறே அழிகிறது. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே ஜான் நிற்கிற இடத்தில் ஹால் ஜோர்டன் நிற்கிறார், இன்னொரு காலக்கோட்டின் கிரீன் லான்டர்ன்! விளக்கம் கேட்டு நேரத்தை வீணாக்காமல் சண்டையைத் தொடர்கிறார், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஜான். பச்சை விளக்குக்காரர்களின் நெடிய காமிக்ஸ் வரலாறு ஒரு கண்சிமிட்டலில் வந்து போகிறது. டெர்ரி இறக்கிறான். ஆமாம், இறக்கிறான். குழந்தைகள் பார்க்கும் தொடர்தானே என்று யாரும் தயங்கவில்லை.

கடைசித் துரத்தலில் குரோனோஸ் காலத்தின் ஆரம்பத்துக்கே ஓடுகிறான். இருட்டு. அதற்குள் பிரம்மாண்டமான ஒரு கை, அதன் உள்ளங்கையில் சுழலும் ஒளி. பிரபஞ்சம் பிறக்கிறது. 1965இல் வந்த ஒரு கிரீன் லான்டர்ன் இதழில் வரைந்த அதே கை. அங்கே அது யாரும் பார்க்கக் கூடாத காட்சி என்று சொல்லப்பட்டது. இங்கே நாம் பார்க்கிறோம். அக்கா மகன் அந்த இடத்தில் பேச்சை நிறுத்தி வாயைப் பிளந்துகொண்டு இருந்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்ப்பதா, திரையைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

பேட்மேன் எப்படி ஜெயிக்கிறார் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. முஷ்டியால் ஜெயிக்கவில்லை. குரோனோஸின் காலக் கச்சைக்குள் ஒரு நிரலை நுழைத்துவிடுகிறார். எல்லாம் பழையபடி திரும்புகிறது, குரோனோஸும் திரும்புகிறான். எங்கே? தன் வீட்டுக்கு, கதை ஆரம்பித்த அதே கணத்துக்கு. ஈனிட் திட்டுகிறாள். கிளம்பப் போகிறான், மறுபடி அதே கணம். ஈனிட் திட்டுகிறாள். மறுபடி. பிரபஞ்சத்தின் முதல் நொடி வரை கால் பதித்தவனுக்கு மிஞ்சியது சமையலறையில் சில நொடிகள். இதைவிடக் கச்சிதமான தண்டனை எந்தச் சூப்பர் ஹீரோ கதையிலும் நான் பார்த்ததில்லை.

விண்வெளி நிலையத்தில், எதுவுமே நடக்காதது மாதிரி சாப்பாட்டுக்கூடம். வொண்டர் உமனுக்கு ஒன்றும் நினைவில்லை. நினைவு வைத்திருப்பவர்கள் பேட்மேனும் ஜானும் மட்டுமே. ஒருவர் தன் முதுமையைப் பார்த்துவிட்டார், இன்னொருவர் இன்னும் பிறக்காத பிள்ளையைப் பார்த்துவிட்டார்.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. மைக்கேல் மெக்விஸ்டியனின் அந்த கிடார் இசை. நான் ரிமோட்டை எடுக்கப் போனேன். பையன் அதற்குள் பிடுங்கி வைத்துக்கொண்டான்.

“சித்தி, எல்லாம் பழையபடி ஆயிடுச்சுல்ல? அப்போ ரெக்ஸ் பொறப்பானா, மாட்டானா?”

“ஜானுக்கும் அதேதான்டா கேள்வி. ‘ஏன்ஷியன்ட் ஹிஸ்டரி’ன்னு ஒண்ணு இருக்கு, அதுல அவர் ஷயேராகிட்டயே அதைச் சொல்லுவாரு. டெர்ரியைப் பார்க்கணும்னா ‘எபிலோக்’.”

“நாளைக்கா?”

மணி பத்தே கால். அவன் அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.