போத்திபாரின் வீடும் போவாசின் வயலும்

ஆதியாகமம் 39ஆம் அதிகாரத்தைக் குறித்து நம் சபைகளில் நிகழ்த்தப்படும் அருளுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்வன. வாலிபன் ஒருவனின் தூய்மை, தீயவள் ஒருத்தியின் பொய்ப் புகார், இறுதியில் அவன் பெற்ற உயர்வு என்று முடித்துவிடுகிறோம். நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே பிரசங்கித்தோம். ஆம்பூர்ப் பகுதிச் சபை ஒன்றில் அவ்வாறு பிரசங்கித்த ஒரு ஞாயிறன்று, ஆலய வாயிலில் நம் கையைப் பற்றிய தொழிற்சாலை அதிகாரி ஒருவர், "இந்தக் காலத்துக்குத் தேவையான செய்தி, ஐயா" என்று மனமாரப் பாராட்டினார். அவருக்குப் பின்னால் நின்ற சகோதரி காலணித் தொழிற்சாலையில் அப்பர் தைப்பவர். அதிகாரி அகன்ற பின், "ஐயா, அந்த வீட்டு வேலைக்காரங்கள்ல ஒருத்தர்கூட யோசேப்புக்காகப் பேசலையா?" என்று கேட்டார். அவர் வேலைசெய்த லைனில் மேற்பார்வையாளர்மீது முறையிட்ட பெண்ணொருவர் சில நாட்களுக்குள் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டதும், சாட்சி சொல்ல எவரும் துணியாததும் பின்னரே நமக்குத் தெரியவந்தன.

இவ்வினாவோடு பகுதியை மீண்டும் வாசிக்கும்போது, நம் வழக்கமான விளக்கம் எவ்வளவு தலைகீழானது என்பது புலப்படுகிறது. இணங்க மறுத்தவன் அடிமை, வற்புறுத்தியவள் எசமானி. எனவே இங்கு நிகழ்வது தொழிலாளியின் பொய்ப் புகாரன்று. மறுத்த தொழிலாளிமீது அதிகாரமுள்ளவர் தொடுத்த பழிவாங்கல். ஆசிரியர் இதனை எவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறார்! வீட்டாரிடம் பேசும்போது அவள் அவனை எபிரெய மனிதன் என்கிறாள். "நம்மை" அவமதித்தான் என்று சொல்லி ஊழியரைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறாள். கணவனிடமோ எபிரெய அடிமை என்கிறாள். கேட்போருக்கேற்பச் சொல் மாறுகிறது. சான்றாகிய அங்கியும் அவள் கையிலேயே இருக்கிறது. விசாரணை ஒன்றும் நடந்ததாகக் கூறப்படவில்லை. யோசேப்பின் வாய்மொழி ஒன்றேனும் பதிவாகவில்லை. ஊழியரும் பேசவில்லை.

இப்பகுதியைப் பெண்களின் புகார்களை ஐயுறுவதற்கு ஆதாரமாகக் கொள்வது, மூலபாடத்திற்கு இழைக்கும் அநீதியாகும். இதற்கு எதிரீடாகிய சூசன்னாவின் வரலாறு நம் சீர்திருத்தத் திருமறையில் இடம்பெறாமற்போனது ஒரு வகையில் நம் இழப்பே. அங்குக் குற்றம்புரிந்தோர் மூப்பரும் நியாயாதிபதிகளுமாவர். தானியேல் சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்து உண்மையை வெளிக்கொணர்கிறான். நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் போத்திபாரின் மனைவியை அறிவர், சூசன்னாவை அறியார்.

நாட்டின் சட்டத்திலும் இவ்வையத்தின் சாயலைக் காண்கிறோம். ராஜஸ்தானில் 1992இல் அரசுத் திட்டப் பணியாளர் ஒருவருக்கு நேர்ந்த கொடுமையின் விளைவாக, 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறைகளை வகுத்தது. 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வேலையைக் காட்டி அச்சுறுத்துவது துன்புறுத்தலாகலாம் என்று அதன் 3ஆம் பிரிவு கூறுவது பாராட்டுக்குரியது. ஆனால் தீய நோக்குடன் பொய்ப் புகார் தந்தவருக்குத் தண்டனை விதிக்க 14ஆம் பிரிவு தனியே இருக்க, புகார் தந்தவரைப் பழிவாங்கும் முதலாளிக்கென அத்தகைய தனிப்பிரிவு ஒன்று இல்லை. மெய்ப்பிக்க இயலாமை மட்டுமே பொய்யாகாது என்று அப்பிரிவே கூறுவதையும் சொல்லியாக வேண்டும். எனினும் தொழிற்கூடத்தில் அந்த விளக்கம் எவர் காதில் விழுகிறது? பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியுமிடத்தில் அமையும் உள்ளகக் குழுவின் உறுப்பினரை நியமிப்பவரும் முதலாளியே.

வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை தோல் தொழிலை நம்பி வாழும் சபைகளில் பணியாற்றுவோர், பழிவாங்கல் பெரும்பாலும் காகிதத்தில் நிகழ்வதில்லை என்பதை அறிவர். டார்கெட் ஏறும், ஓவர்டைம் நிற்கும், ஒப்பந்தக்காரரின் பட்டியலில் பெயர் இராது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடைத் தொழிலாளியாகிய இளம் தலித் பெண்ணொருவர் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அவர் நெடுநாள் துன்புறுத்தலுக்குள்ளானார் என்று குடும்பத்தாரும் உடன் தொழிலாளரும் கூறினர். அதன்பின் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 2022இல் உற்பத்தி நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம் பழிவாங்கலை வெளிப்படையாகத் தடைசெய்தது. எச் அண்டு எம் முதலிய வெளிநாட்டு வணிக நிறுவனங்களும் அதனோடு பிணைக்கப்பட்டன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கையும் (2019) புகார் தந்தவரை மட்டுமின்றிச் சாட்சிகளையும் காக்க வேண்டுமென்கிறது. போத்திபார் வீட்டு ஊழியரின் மௌனத்திற்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரையை நாம் கண்டதில்லை.

ரூத் 2ஆம் அதிகாரத்தில் போவாஸ், ரூத் முறையிடுமுன்னரே அவளைத் தொடக்கூடாதென்று வேலைக்காரருக்குக் கட்டளையிடுகிறான். இதனை நாம் பெரிதும் புகழ்கிறோம், புகழத்தக்கதே. ஆயினும் அக்கட்டளை ஒரு வயலுக்குரியது. வேறு வயலில் தீங்கு நேரலாம் என்று நகோமி அஞ்சுகிறாள். நல்ல எசமானின் வரம்போடு முடியும் பாதுகாப்பைக் குறித்து அவ்வயலுக்கு வெளியே நின்றவளே எச்சரித்தாள் என்பதை நம் விளக்கவுரைகள் கடந்துபோகின்றன.

வேலை இழந்த அப்பெண்ணைப் பின்னர் நாம் சந்தித்தோம். இப்பொழுது வீட்டிலிருந்தே ஜோடிக் கணக்கில் அப்பர் தைக்கிறார். அவர் தம் முறையீட்டை வாயால் மட்டுமே சொல்லியிருந்தார். சட்டமோ எழுத்தில் கேட்கிறது. எழுத இயலாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை என்றும் சொல்கிறது. அதனை அவருக்கு எவரும் சொல்லவில்லை. மூன்று மாதத் தவணை கடந்திருந்தது. தக்க காரணம் காட்டினால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்க இடமுண்டு என்பதைச் சட்டநூலில் நாம் கண்டபோது அதுவும் முடிந்திருந்தது.