டியூபர்க்கிளும் டியூபராசிட்டியும்: அளவில் இல்லை வித்தியாசம்

எலும்பியல் படிக்கிறவர்களின் குறிப்புகளில் ஒரு சூத்திரம் அடிக்கடி கண்ணில் படும். சின்னப் புடைப்பு என்றால் டியூபர்க்கிள், பெரிய புடைப்பு என்றால் டியூபராசிட்டி. மனப்பாடம் பண்ண வசதிதான். எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் நிற்காது.

மேற்கை எலும்பான ஹியூமரஸின் தலைக்குப் பக்கத்தில், வெளிப்புறமாகத் துருத்தும் மேட்டுக்குப் பெயர் கிரேட்டர் டியூபர்க்கிள். தோளைச் சுழற்றும் தசைகளில் மூன்று அதில்தான் வந்து பிடிக்கின்றன. முன்கையின் ரேடியஸ் எலும்பில் பைசெப்ஸ் தசைநாண் பிடிக்கும் இடம் ரேடியல் டியூபராசிட்டி. இரண்டில் பெரியது முதலாவது. சூத்திரம் இங்கேயே தலைகீழ்.

"அளவு இல்லை சார், சொரசொரப்புதான் அடையாளம்" என்பார்கள் சிலர். இது கொஞ்சம் தேவலை. ஆனால் அதே ரேடியல் டியூபராசிட்டியின் பின்பாதிதான் சொரசொரப்பு. முன்பாதி வழவழப்பு, தசைநாண் உரசாமலிருக்க அங்கே ஒரு திரவப் பை இருக்கிறது.

குழப்பம் எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'டியூபர்' என்றால் புடைப்பு, 'டியூபர்குலும்' குட்டிப் புடைப்பு. காசநோய்க்கு டியூபர்குலோசிஸ் என்று பெயர் வந்ததும் நுரையீரலில் காணும் குட்டிக் கட்டிகளால்தான். 'டியூபரோசிடாஸ்' என்பது புடைத்திருக்கும் தன்மை. உட்காரும்போது நம் எடையைத் தாங்கும் இடுப்பெலும்பு மேடு ஆங்கிலத்தில் இஸ்கியல் டியூபராசிட்டி. லத்தீனில் வெறும் டியூபர்! ஆக, இவை வகைப்பாடுகள் அல்ல, வழக்கில் ஒட்டிக்கொண்ட பெயர்கள்.

1895ல் பாசல் நகரில் உடற்கூற்றுப் பெயர்களை ஒழுங்குபடுத்தினார்கள். ஹியூமரஸுக்கு டியூபர்க்கிள், முழங்காலுக்குக் கீழே டிபியா எலும்பின் முன்மேட்டுக்கு டியூபராசிட்டி என்று உறுதியானது. 1998ல் வந்த சர்வதேசப் பட்டியலிலும் அப்படியே. ஆனால் எலும்பு சர்ஜன்கள் பழைய பழக்கத்தை விடவில்லை. அவர்கள் வாயில் தோளில் இருப்பது டியூபராசிட்டி, டிபியாவில் இருப்பது டியூபர்க்கிள். சரியாக மாற்றிப் போட்டிருக்கிறார்கள். சாஃப்ட்வேர்காரன் பாஷையில் சொன்னால், ஒரே ஃபங்ஷனுக்கு இரண்டு பெயர். பழைய பெயரை யாரும் அழிக்கவில்லை.

இது வெறும் சொல்சண்டை இல்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு ஆச்சி விழுந்து தோளில் அடிபட்டது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு சொல், டாக்டர் எழுதிய சீட்டில் இன்னொரு சொல். "ரெண்டு எடத்துலயா ஒடஞ்சிருக்கு?" என்று வீடே கலங்கிப்போனது. உடைந்தது ஒரே இடம்தான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. அளவுச் சூத்திரத்தை நம்பி 'சிறுபுடைப்பு', 'பெரும்புடைப்பு' என்று மொழிபெயர்த்தால், கிரேட்டர் டியூபர்க்கிள் 'பெரிய சிறுபுடைப்பு' ஆகிவிடும். இரண்டுக்கும் 'புடைப்பு' என்று போட்டாலோ வேறுபாடே காணாமல் போகும்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் ஒரு வரிசை வைத்திருந்தார்: முதலில் தமிழ்ச் சொல், கிடைக்காவிட்டால் வடமொழி, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலத்தையே தமிழ் எழுத்தில். அந்த வரிசையில் முதல் படியிலேயே நமக்குச் சொல் இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டுக் கதவைத் தடவிப் பார்த்தவர்களுக்குக் 'குமிழ்' தெரியும். மரத்தில் கை உரசினால் 'கரடு' தெரியும். டியூபர்க்கிளுக்குக் குமிழ், டியூபராசிட்டிக்குக் கரடு என்பது என் சிபாரிசு. ரேடியஸில் பாதிக் கரடு வழவழப்பாக இருக்குமே என்று கேட்கலாம். இருக்கட்டும். பெயர் அடையாளம் காட்டினால் போதும், இலக்கணமாக இருக்க வேண்டியதில்லை.

ரிப்போர்ட் கையில் இருக்கிறவர்களுக்கு ஒன்று: சொல்லை விட்டுவிட்டு எந்த எலும்பு, எந்தப் பக்கம் என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால், பெயர் எதுவானாலும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.